பெண் வேடம் இல்லாத நாடகம்

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து மூன்றாவது நாள். அதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். டிசம்பரில் ஈரோட்டில் நடக்கும் இளையோர் நாடக விழாவுக்கு இந்த வருடமும் நாம் போகிறோமாம். முழு நீள நாடகம். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. எந்த நாடகம் என்று ஜூலை கடைசிக்குள் நான் முடிவு செய்து, எழுத்துப்படியை அவர் மேசையில் வைக்க வேண்டும்.

“ஒரே ஒரு கண்டிசன், சதாசிவம். பொம்பள வேசம் இருக்கப்படாது.”

“அப்புறம் எப்படிங்க சார் முழு நாடகம் போடறது?”

“அது உங்க பாடு. போன வருசம் கேலியும் சண்டையுமா பட்டது போதுமுங்க.”

அப்படி என்ன பட்டுவிட்டார்? போன வருடம் வாங்கிய இரண்டாம் பரிசுக் கேடயம் அவர் தலைக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டுதான் இருக்கிறார். இது ஆண்கள் பள்ளி. பெண் வேடம் என்றால் ஒரு பையன்தான் சேலை கட்ட வேண்டும். பதினாறு வருடமாக அப்படித்தான் செய்கிறோம், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான் தாவரவியல் வாத்தியார். நாடகக் குழுவை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு நான்தான் வகுப்பாசிரியர். போன வருடம் பதினொன்றிலும் இவர்களுக்கு நான்தான். பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர். நவநீதன் மட்டும் மூன்று நாளாக வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

அலமாரியைக் குடைந்து இருபத்துமூன்று நாடகங்களை எடுத்து வந்தேன். பாதிக்குக் கரையான் முந்திக்கொண்டது. மீதியைச் சாப்பாட்டு மேசையில் பரப்பியதற்குத் தெய்வானை என்னை வறுத்தெடுத்தாள். அவள் சொல்வதும் நியாயம்தான், தோசைக்கு இடமில்லை.

பெண்ணே இல்லாத முழு நீள நாடகங்கள் மூன்று தேறின. ஒன்றில் ஒரு ராஜா, பதினான்கு மந்திரிகள். எல்லோரும் வரிசையாக வந்து புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னொன்று ஜெயிலில் நடக்கிறது, பையன்கள் பீடி பிடித்தே ஆக வேண்டும். மூன்றாவது தண்ணீர்ச் சிக்கனம் பற்றி அரசாங்கத் துறை ஒன்றுக்காக யாரோ எழுதிக் கொடுத்தது. அதைப் படிக்கும்போதே இரண்டு தடவை கண் அசந்துவிட்டேன்.

உயிருள்ளது ஒன்றுதான். ‘பங்காளிக் கிணறு’. அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒரு கிணறு, முறைத் தண்ணீருக்குச் சண்டை. இருவரையும் நிறுத்திக் கேள்வி கேட்கிற தாய் ராமாயி. அவளை எடுத்துவிட்டால் நாடகத்தில் வெறும் கிணறுதான் மிச்சம்.

ஜூன் 18, செவ்வாய்

ராமாயியைத் தாய்மாமனாக மாற்றிப் பார்த்தேன். ஆண்கள் பள்ளி வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் இது. மனைவியைத் தம்பியாக்குவது, அக்காவைச் சிநேகிதனாக்குவது. “உன்னைச் சுமந்த வயிறுடா இது” என்ற வசனத்தை “உன்னைத் தூக்கின தோளுடா இது” என்று திருத்தினேன். தாலாட்டை மாமன் பாடுகிற மாதிரி எழுதிவிட்டுத் தெய்வானைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

“ஏனுங்க, போன வருசம் செண்பகமா ஒரு பையன் நடிச்சானே. அவனையே போட வேண்டியதுதானே? என்னமா நடிச்சான்! நான் அழுதே போயிட்டேன்.”

அவன்தான் நவநீதன். போன வருட நாடகத்தில் செண்பகம் ஒரு விதவை. வட்டிக்கடைக்காரன் வாசலில் வந்து நின்று ஒரு கேள்வி கேட்பாள். அந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு சத்தம் இருக்காது. அவனும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னான். நான்தான் விடவில்லை. “ஒன்றரை மணி நேரம்தான்டா. வெளக்கு அணைஞ்சா செண்பகமும் போயிருவா” என்று தோளில் கை போட்டுச் சொன்னேன். பிறகு அவனே ஒரு சேலையை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தான்.

தலைமையாசிரியர்தான் வேண்டாம் என்கிறாரே என்று தெய்வானையிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

இன்றும் வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நவநீதன் வராமல் இரண்டு வாரம் ஆகிவிட்டது, இப்படியே போனால் மாதக் கடைசியில் பெயரை நீக்க வேண்டியிருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஜூலை கடைசி வரை பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வந்திருக்கிறேன். பதினொன்றில் தாவரவியலில் எண்பத்தொன்று வாங்கினவன். அவன் பெயரை நான் அடிப்பதா?

வகுப்பில் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நெளிந்தார்கள். அவன் இடம் என்று காலியாக விட்டிருந்த பெஞ்சில் பேனா முனையால் ‘செண்பகம்’ என்று கீறி, பக்கத்தில் பூ வேறு போட்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! யாருடைய வேலை என்று கத்தினேன். தீனதயாளன் எழுந்து நின்றான். அவனை முட்டி போட வைத்து, மற்றவர்களையும் சேர்த்து அரை மணி நேரம் கிழித்தேன். ஒரு பையனை இப்படிக் கேலி பண்ணியே விரட்டியிருக்கிறீர்களே, நீங்களெல்லாம் மனுசங்களா, அது இது என்று.

மணி அடித்ததும் தீனா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே, “சார், நீங்கதானே சார் மொதல்ல…” என்றான்.

“வெளியே போடா” என்றேன்.

மூலிகைத் தோட்டத்துக்கு மூன்று மூட்டை தொழு உரம் வந்தது. எண்ணி இறக்கினேன்.

ஜூன் 30, ஞாயிறு

நவநீதன் வீட்டுக்குப் போய் வந்தேன். பள்ளிபாளையம் சாலையில் தறிக்காரர்கள் வரிசை. அவன் இல்லை. அவன் அம்மா சாந்தாமணி இருந்தார்.

“வாங்க சார், உக்காருங்க. காப்பித்தண்ணி வெக்கட்டுங்களா?”

“வேண்டாம்மா. நவநீதன் எங்க?”

“தறிப்பட்டறைக்குப் போறானுங் சார். நூல் சுத்தற வேலை. நானும் அங்கதான், சிப்டு மாறி மாறிப் போறேன். படிக்கப் போடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், மாட்டீங்கறான். ‘அங்க எனக்குப் பேரே இல்லம்மா’ங்கறான். அதென்னமோ பொம்பளப் பேரச் சொல்லியே கூப்பிடறாங்களாமா. பஸ்ஸுல, கடையில, எங்க பார்த்தாலும். முடிய ஒட்ட வெட்டிக்கிட்டான். பாட்டுக்கூடப் பாடறதில்லீங் சார் இப்ப.”

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பேர யாருங் சார் மொதல்ல வெச்சது?”

“வயசுப் பசங்கம்மா. அப்படித்தான் இருப்பாங்க. நான் கண்டிச்சிருக்கேன்” என்று சொன்னேன்.

“நீங்க நல்லா இருக்கோணும் சார். ஊடு தேடி வந்தீங்களே” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வரும்போது பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. செருப்பு வேறு அறுந்துவிட்டது.

ஜூலை 1, திங்கள்

கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜூலை 4, வியாழன்

ராமாயியை மாமனாக்குவது ஆகாத காரியம். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ராமாயி மேடைக்கே வர மாட்டாள். நோயில் விழுந்து உள்ளே படுத்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் இருந்து அவள் குரல் மட்டும் வரும். சேலை இல்லை, கூந்தல் இல்லை. தலைமையாசிரியர் மோவாயைத் தடவியபடி, “வேசம் இல்லீல்ல? அப்பச் சரி” என்று சொல்லிவிட்டார். நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

மாலையில் குழுவிலிருக்கும் பதினொரு பேரையும் கூட்டிப் பாத்திரம் பிரித்தேன். அண்ணன் வேடத்துக்கு அடிதடி. தம்பிக்கும் அப்படியே. கிணறு வெட்டுகிறவனுக்குக்கூட மூன்று பேர் கை தூக்கினார்கள்.

“ராமாயி குரல் யாரு?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நாடகத்திலேயே நல்ல வசனமெல்லாம் அவளுக்குத்தான் என்றேன். மேடையில் முகமே தெரியாதுடா என்றேன். ஒருவனும் நிமிரவில்லை. கடைசியில் ஒன்பதாம் வகுப்பு வாண்டு ஒன்று சொன்னது:

“வேண்டாங் சார். அப்புறம் செண்பகண்ணன் மாதிரி ஆயிரும்.”

செண்பகண்ணன்! அவனுடைய நிஜப் பெயர் இந்தப் பொடியனுக்குத் தெரியவே தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

“சரி, ராமாயி நானே” என்றேன். வாண்டுகள் கை தட்டிச் சிரித்தன. விழாவில் எல்லாக் குரலும் மாணவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒத்திகைக்காவது ஒரு குரல் வேண்டுமே.

ஜூலை 9, செவ்வாய்

வழக்கப்படி முதல் நாளே சொல்லிவிட்டேன், நாடகம் முடியும் வரை எல்லோருக்கும் பாத்திரப் பெயர்தான் என்று. இது என் முறை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பக் கூடாது. அப்போதுதான் வேடம் உடம்பில் ஏறும் என்று பதினாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். நானே ராமாயி ஆனதால் எனக்கும் அதே சட்டம்.

நேற்றுக் காலை சைக்கிள் நிறுத்தம் பக்கம் போகும்போது பின்னாலிருந்து, “ராமாயி வருதுடா!” என்று ஒரு குரல். திரும்பினால் யாரும் இல்லை. மதியம் ஆய்வகத்தில் கரும்பலகையின் ஓரத்தில் ‘ராமாயி’ என்று எழுதியிருந்தது. இன்று பேருந்து நிலையத்தில், நம் பள்ளிச் சட்டைகூட இல்லை, எவனோ ஒருவன், “ராமாயக்கா, டிக்கெட் எடுத்தாச்சா?” என்றான். ஆசிரியர் அறையில் விளையாட்டு ஆசிரியர் குப்புராஜ், “என்ன ராமாயி, இன்னைக்குச் சோறா களியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? சிரிக்காவிட்டால் இன்னும் கூடும் என்று அந்த நொடியில் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இரண்டு நாள். நாற்பத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள், மீசை இருக்கிறது, கையில் பிரம்பும் இருக்கிறது. இரண்டே நாளில் சைக்கிள் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

தீனா அன்றைக்குச் சொல்ல வந்ததை எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போகிற நோட்டு இல்லை இது.

கேடயம் வாங்கி வந்த மறுநாள். டிசம்பர் மாதம். காலை வருகை எடுத்தேன். நவநீதன் பெயர் வந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தேனா, “செண்பகம்!” என்று கூப்பிட்டேன். வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவன் எழுந்து, செண்பகத்தின் குரலிலேயே, “உள்ளேன் ஐயா” என்றான். இன்னொரு சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கண்டுபிடிப்பல்லவா அவன்.

ஒரு நாள் என்றால் போகட்டும். மறுநாளும் கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும். பொதுத்தேர்வு வரை தினமும் காலையில் கூப்பிட்டேன். மூன்றாம் வாரமே அவன் அந்தக் குரலை விட்டுவிட்டான், வெறுமனே கையை மட்டும் தூக்கினான். நான் கவனிக்கவில்லை என்று எழுத வந்தேன். கவனித்தேன். வகுப்பு சிரித்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

அவன் ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்து கேட்டான்: “சார், அடுத்த வருசம் எனக்கு ஆம்பள வேசம் குடுப்பீங்களா?” நான், “உன்னை விட்டா எனக்கு வேற நாயகி யாருடா?” என்றேன். அவன் சிரித்தான். இன்று நான் ஆசிரியர் அறையில் சிரித்த அதே சிரிப்பு.

ஜூலை 12, வெள்ளி

ஒத்திகை இல்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

தறிப்பட்டறைக்கே போனேன். முப்பது தறி ஒன்றாக ஓடுகிறது, பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. நவநீதன் ஓரமாக உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தான். ஒட்ட வெட்டிய தலை, மேலெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றான். சாந்தாமணியும் தன் தறியை விட்டு ஓடி வந்தார்.

வழியெல்லாம் நயமாக எப்படிச் சொல்வது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தறிச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

“என்னுங் சார்?”

“அந்தப் பேர வெச்சது நான்தாம்மா!”

“கேக்கலீங் சார்!”

“செண்பகம்னு வகுப்புல மொதல்ல கூப்பிட்டது நான்! பசங்க இல்ல, நான்தான்! தெனமும் கூப்பிட்டேன்! அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்!”

நாலைந்து தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன் தறியை நிறுத்தியே விட்டார். சாந்தாமணி என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

“ஒரு மாசமா அந்தப் பசங்களத்தானுங் சபிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். அவ்வளவுதான். தறிக்குத் திரும்பிப் போய்விட்டார். இந்த முறை கும்பிடவில்லை.

வெளியே புளியமரத்தடிக்கு நவநீதன் என்னோடு வந்தான்.

“மன்னிச்சுக்கடா.”

“எனக்குத் தெரியும்ல சார். நான் வகுப்புலதானே இருந்தேன்.” நகத்தில் ஒட்டிய நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். “அம்மாகிட்டத்தான் சொல்லல. போன தடவ நீங்க வந்தீங்கன்னு சொன்னாங்க. நீங்களே சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

செவிட்டில் அறைந்திருந்தால் தேவலை.

“நாளைக்கே வகுப்புல எல்லார் முன்னாடியும் சொல்றேன். வந்துருடா.”

“சொல்லுங்க சார். ஆனா நான் அங்க வர மாட்டேன்.” பிய்த்த நூலை ஊதித் தள்ளிவிட்டு, “வேற ஸ்கூல்ல சேத்துவிடுவீங்களா? யாருக்கும் என்னத் தெரியாத ஸ்கூல்ல” என்றான்.

ஜூலை 15, திங்கள்

வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. தீனதயாளனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லீங் சார்” என்று சொல்லிவிட்டு உட்காரப் போனவன் திரும்பி, “நாங்களும்தான் சார் கூப்பிட்டோம்” என்றான். பிறகு வேர்த்தொகுப்புப் பாடம் நடத்தினேன்.

மாலை ஒத்திகையில், இனி எல்லோருக்கும் அவரவர் பெயர்தான் என்று சட்டம் மாற்றினேன். பொடியன் ஒருவன், “உங்களுக்கும் சதாசிவமா சார்?” என்று கேட்டான். எனக்கு மட்டும் ராமாயியே இருக்கட்டும் என்றேன். கூப்பிடட்டும்.

ஜூலை 19, வெள்ளி

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மூன்று நடை. நான்காவது நடையில் அனுமதி கிடைத்தது. பவானிப் பக்கம் ஒரு பள்ளியில் என்னோடு படித்தவர் தலைமையாசிரியராக இருக்கிறார், சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நம் தலைமையாசிரியர், “நல்லாப் படிக்கிற பையன இன்னொருத்தன் ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுக்கறீங்க” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஏன் என்பதை அவருக்கும் சொன்னேன். கேடயத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

‘பங்காளிக் கிணறு’ எழுத்துப்படியையும் அவர் மேசையில் வைத்துவிட்டேன். ராமாயி குரலுக்கு விழாவில் யார் என்று இன்னும் தெரியாது. ஆள் அமையாவிட்டால் பதினான்கு மந்திரிகள்தான். யாரையும் நான் தோளில் கை போட்டுக் கேட்கப்போவதில்லை.

ஜூலை 24, புதன்

நவநீதன் டி.சி. வாங்க வந்தான். பிரார்த்தனை முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு, பின்வாசல் வழியாக வந்தான். அம்மாவும் வந்திருந்தார், வாசலிலேயே நின்றுகொண்டார்.

அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுத்த தாளை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“பேரு சரியா இருக்குதுங்களா சார்?”

“சரியாத்தான் இருக்கு.”

“ஒருக்கா படிச்சுக் காட்டுங்க சார்.”

அவன் தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். “மாணவர் பெயர்” என்று ஆரம்பித்தேன். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

“நவநீதன்.”

“உள்ளேன் ஐயா” என்றான். அவனுடைய சொந்தக் குரல். கட்டைக் குரலாக மாறியிருக்கிறது, புளியமரத்தடியில் கேட்டபோதுகூட எனக்கு அது உறைக்கவில்லை.

தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பினான்.

“அந்த ஸ்கூல்ல நாடகமெல்லாம் போடுவாங்களா சார்?”

“இல்லடா. விசாரிச்சுட்டேன். போட மாட்டாங்க.”

“ம்” என்றான். அவன் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பதினாறு வருடமாகப் பையன்களின் முகத்தைப் பார்த்து வேடம் பிரித்தவன் நான். கேட்டிருக்கலாம். அதற்குள் அவன் அம்மாவோடு வாசலைத் தாண்டிவிட்டான்.

பதிவேட்டை எடுத்து, அவன் பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். நாற்பது பேர். இரண்டாம் மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன்.